அச்சில் நிற்கும் பவனிகள்: மறுமலர்ச்சிக் காலக் கத்தோலிக்கப் பவனிப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சான பவனிப் படங்களைக் கணினியில் பெரிதாக்கி நண்பர்களுக்கும் ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். யார் வந்து உட்கார்ந்தாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

இந்தப் படங்கள் எதற்கு? அந்தக் காலத்துப் போட்டோ என்று எடுத்துக்கொள்ளலாமா?

செய்தி சொல்வதும் நினைவாக நிற்பதும் போட்டோவைப் போலத்தான். ஆனால் போட்டோ எதிரில் இருப்பதை எடுக்கும். இந்தப் படங்கள், ஒரு பவனியில் யார் யாருக்குப் பக்கத்தில் நடந்தார்கள், யார் கையில் எது இருந்தது, யார் தலைக்கு மேல் விதானம் இருந்தது என்பதை எழுதி வைத்த ஆவணம் மாதிரி. பவனி ஒரு பொழுதில் கலைந்துவிடும். அந்த வரிசை கலையக்கூடாது என்று நினைத்தவர்கள் அதை அச்சில் ஏற்றினார்கள்.

அதனால் இவற்றைப் பார்க்கும்போது முகங்களைத் தேட வேண்டாம் என்று எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். இடத்தைப் பாருங்கள். ஒரு மனிதர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

எங்கிரேவிங், எட்சிங், உட்கட் எல்லாம் ஒன்றுதானே?

மூன்றும் அச்சுதான், வேலை வேறு. உட்கட்டில் மரக்கட்டையின் மேல் கோடு தவிர மற்ற இடத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை தடவி அச்சிடுவார்கள். எங்கிரேவிங்கில் இது தலைகீழ்: செப்புத் தகட்டில் கூர்மையான உளியால் கோட்டைப் பள்ளமாகக் கீறி, பள்ளத்தில் மையை நிரப்பி, மேலே துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். எட்சிங்கிலும் கோடு பள்ளம்தான். ஆனால் உளிக்குப் பதிலாக அமிலம் அரிக்கும். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, அதில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் போட்டால் வரைந்த இடம் மட்டும் அரிக்கும்.

கோட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். உளி கீறிய கோடு நடுவில் தடித்து முனையில் மெலிந்து முடியும். அமிலக் கோடு கடைசிவரை ஒரே தடிமனில் வந்து மொட்டையாக நின்றுவிடும், பேனாவால் எழுதியது போல. பொதுப்பேச்சில் எல்லாவற்றையும் 'எங்கிரேவிங்' என்றே சொல்கிறோம். சரி, அதில் பெரிய தவறில்லை. ஆனால் கீழே நான் அதிகம் பேசப்போகும் பொலோனியா படங்கள் எட்சிங், வெனிஸ் படம் உட்கட்.

கோயில் திருவிழாப் பவனிகளைத்தான் அச்சடித்தார்களா?

அவை ஒரு பகுதிதான். நற்கருணைப் பவனி (கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பத்தை ஏந்திப் போவது), குருத்தோலை ஞாயிறு, திருத்தந்தை (போப்) தேர்ந்தெடுக்கப்பட்டதும் வத்திக்கானிலிருந்து லாத்தரன் பேராலயத்துக்குக் குதிரையில் போகும் பவனி, யூபிலி என்ற புனித ஆண்டுத் திருப்பயணம், முடிசூட்டு விழா, அரச குடும்பத்து இறுதி ஊர்வலம் எல்லாமே உண்டு. கோயில் வேறு, அரண்மனை வேறு என்று நாம் இன்று பிரிப்பதுபோல் அவர்கள் பிரிக்கவில்லை. மன்னரின் சாவு ஊர்வலத்தில் ஆயர்களும் துறவிகளும் நடப்பார்கள், நற்கருணைப் பவனியில் நகர அதிகாரிகள் மெழுகுதிரி பிடிப்பார்கள்.

ஒரே ஒரு பவனியை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

யோசிக்காமல் சொல்வேன்: 1530 பிப்ரவரி 24, இத்தாலியின் பொலோனியா. அன்று ஐந்தாம் சார்லஸுக்கு 30-வது பிறந்தநாள். சான் பெத்ரோனியோ பேராலயத்தில் திருத்தந்தை ஏழாம் கிளமென்ட் அவருக்குப் புனித ரோமப் பேரரசராக முடிசூட்டினார். ஒரு திருத்தந்தை கையால் முடிசூடிய கடைசிப் புனித ரோமப் பேரரசர் அவர்தான். முடிசூடியதும் இருவரும் ஒரே விதானத்தின் கீழ் குதிரையில் நகரைச் சுற்றி வந்தார்கள். அந்தப் பவனியை, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மெகெலன் நகரில் வேலை செய்த நிக்கோலாஸ் ஹோகன்பெர்க் 40 தகடுகளில் பொறித்தார். தாள்களை ஒட்டினால் 10 மீட்டருக்கு மேல் நீளும்.

பின்னணியில் கட்டடம் இல்லை, தெரு இல்லை. வெறும் வெள்ளைத் தாளில் மனிதர்களும் குதிரைகளும் கொடிகளும் மட்டும். கட்டியக்காரர்கள் காசு இறைக்கிறார்கள். தீப்பந்தங்கள் சூழ, நற்கருணைப் பேழையைச் சுமந்து ஒரு வெள்ளைக் குதிரை தனி விதானத்தின் கீழ் வருகிறது. செங்கோல், வாள், உலக உருண்டை, மகுடம் ஆகியவற்றைப் பெரிய பிரபுக்கள் ஏந்தி வருகிறார்கள். மகுடம் சவாய் நாட்டுக் கோமகன் கையில். அப்புறம்தான் திருத்தந்தையும் பேரரசரும். முதல் தகட்டில் உள்ள லத்தீன் வரிகள் வருங்காலத் தலைமுறையைப் பார்த்துப் பேசுகின்றன. அதாவது நம்மைப் பார்த்து.

எனக்கு மிகவும் பிடித்தது விருந்துத் தகடு. சதுக்கத்தில் ஒரு முழு மாட்டைக் கம்பியில் கோத்துச் சுடுகிறார்கள். அதன் வயிற்றுக்குள் சின்ன விலங்குகளைத் திணித்துத் தைத்திருக்கிறார்கள். அவற்றின் தலைகள் மாட்டின் உடம்பிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கின்றன. கழுகும் சிங்கங்களும் வைத்த ஓர் ஊற்றிலிருந்து திராட்சை ரசம் கொட்டுகிறது. மேலிருந்து ரொட்டி எறிகிறார்கள், கீழே கூட்டம் கை நீட்டுகிறது. அத்தனை ஒழுங்கான பவனிக்குள் ஒழுங்கே இல்லாத ஓர் இடம் இதுதான். ஹோகன்பெர்க் அதையும் விடவில்லை என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

அதில் யார் பெரியவர்? போப்பா, ராஜாவா?

இந்தக் கேள்வி வராமல் அந்தப் படத்தைக் காட்டி முடித்ததே இல்லை. இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். 1527-இல் சார்லஸின் படைதான் ரோமைச் சூறையாடியது. சம்பளம் கிடைக்காத வீரர்கள் தேவாலயங்களைக்கூட விடவில்லை. இதே கிளமென்ட் சான்ட் ஏஞ்செலோ கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதே இருவர் ஒரே விதானத்தின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள்.

சடங்கின்படி பேரரசர் திருத்தந்தையின் குதிரைக்கு அருகே போய் அங்கவடியைப் பிடித்தார். அது பணிவின் அடையாளம். ஆனால் உண்மையான படைபலம் யாரிடம் இருந்தது என்பது இத்தாலி முழுவதற்கும் தெரியும். படம் இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கிறது. இருவருக்கும் ஒரே துணி நிழல், பக்கத்தில் பக்கத்தில் குதிரைகள். யார் பெரியவர் என்ற கேள்வியை மூடிவைப்பதுதான் அந்த விதானத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன். ரோமில் நடக்க வேண்டிய விழா பொலோனியாவில் நடந்ததற்கும் சார்லஸின் அவசரம் ஒரு காரணம். 1529-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டிருந்தார்கள், ஜெர்மனியில் லூதர் தொடங்கிய புரட்டஸ்தாந்து விவகாரம் காத்திருந்தது.

முன்னால் போகிறவர்தானே முக்கியமானவர்?

இல்லை. வெனிஸ் படத்தை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். மத்தேயோ பகான் 1556-க்கும் 1559-க்கும் இடையில் எட்டு மரக்கட்டைகளில் வெளியிட்ட படம் அது. குருத்தோலை ஞாயிறன்று வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜே, சான் மார்கோ சதுக்கத்தில் பவனி வருவது. ஏறக்குறைய 4 மீட்டர் நீளம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேலே அவர்கள் யார் என்று இத்தாலிய மொழியில் பெயர்ச்சீட்டு உண்டு. அதனால் புதிதாகப் பார்ப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் எட்டுக் கொடிகள், பிறகு நீண்ட வெள்ளி எக்காளங்கள், ஏவலர்கள், எழுத்தர்கள், குருக்கள். அப்புறம் டோஜேயின் நாற்காலியும் மெத்தையும் தனித்தனியாக வருகின்றன. உட்கார ஆளில்லாத நாற்காலி, ஆனாலும் அதற்கு வரிசையில் ஓர் இடம் உண்டு. பிறகு ஒரு சிறுவன், டோஜே தேர்தலில் வாக்கு உருண்டைகளை எடுத்துத் தருபவன். அதன் பிறகு டோஜே. அவருக்குப் பின்னால் குடை, தூதர்கள், வாள், பிரபுக்கள். முன்பாதியில் ஆள் பின்னுக்கு வர வர அந்தஸ்து ஏறும், டோஜேயில் உச்சத்தைத் தொடும், பின்பாதியில் இறங்கும். நம் தேர்ப்பவனியில் கொடியும் மேளமும் முதலில் போனால் தேர் பின்னால் வரும் என்று குழந்தைக்கும் தெரியும் அல்லவா, அதே கணக்குதான். இங்கே தேருக்குப் பின்னாலும் ஒரு வரிசை இருக்கிறது.

வாள் டோஜேக்கு முன்னால் போகாமல் பின்னால் வருவதையும் கவனியுங்கள். மன்னர்களுக்கு வாள் முன்னால் போகும். வெனிஸ் குடியரசில் டோஜே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், அவர் அதிகாரத்துக்கு ஆயிரம் கட்டுப்பாடு. பவனியைப் பார்த்தே அந்த நகரத்தின் அரசியல் சட்டத்தைப் படிக்கலாம் என்பது இதனால்தான்.

டோஜேக்குக் குடை எதற்கு? மழையா வெயிலா?

இரண்டும் இல்லை. அந்தக் குடை, வெள்ளை மெழுகுதிரி, வாள், எக்காளங்கள், கொடிகள் எல்லாம் சேர்ந்து 'திரியோன்ஃபி', வெற்றிச் சின்னங்கள். 1177-இல் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டரும் பேரரசர் பார்பரோசாவும் வெனிஸில் சமாதானம் செய்துகொண்டார்கள். அது நடந்த விஷயம். அதற்கு உதவிய டோஜேக்குத் திருத்தந்தை இந்தச் சின்னங்களைக் கொடுத்தார் என்பது வெனிஸ்காரர்கள் வளர்த்த கதை. குடைக்குத் தனிக் கதையே உண்டு: அங்கோனா நகரில் திருத்தந்தைக்கும் பேரரசருக்கும் இரண்டே குடைகள் கொண்டுவந்தார்களாம், 'டோஜேக்கும் ஒன்று கொண்டு வாருங்கள்' என்றாராம் திருத்தந்தை. அதாவது மூவரும் சமம். ஒரு குடைக்குள் ஒரு நகரத்தின் மொத்த மானமும் இருக்கிறது.

இங்கே அச்சு கைவிட்ட ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த எட்டுக் கொடிகளுக்கும் நிறம் உண்டு. வெள்ளை சமாதானத்துக்கு, சிவப்பு போருக்கு, மற்ற நிறங்கள் கூட்டணிக்கும் போர்நிறுத்தத்துக்கும். எந்த நிறக் கொடி முதலில் போகிறது என்பதைப் பார்த்து நாட்டு நிலைமையை ஊரே தெரிந்துகொள்ளும். கறுப்பு வெள்ளை உட்கட்டில் எட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

பெண்களே இல்லையே?

இருக்கிறார்கள், மேலே பாருங்கள். பகானின் படத்தில் சதுக்கத்தில் நடப்பவர்கள் எல்லாம் ஆண்கள். மேல்மாடி ஜன்னல்களில் விரிப்புகள் தொங்க, அலங்கரித்துக்கொண்ட பெண்கள் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லை. இன்னொன்று: பகான் சரிகைப் பின்னலுக்கான மாதிரிப் புத்தகங்களையும் அச்சிட்டவர், பெண்கள் பார்த்துப் பின்னுவதற்காக. ஆடைகளின் நெசவையும் விரிப்புகளின் கோலத்தையும் அந்தப் படத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாதிரிப் புத்தகங்கள்தான் நினைவுக்கு வரும்.

இவ்வளவு நீளப் படத்தை எப்படி அச்சடித்தார்கள்? வாங்கினவர் எங்கே மாட்டுவார்?

ஒரே தாளாக அச்சடிக்க முடியாது. தாள் கையால் செய்த காலம், அதன் அளவு, தாள் கூழை வடிக்கும் சட்டத்தின் அளவுதான். அதனால் ஒரு தகட்டுக்கு ஒரு தாள், பிறகு ஓரங்களை வெட்டிக் கோந்து போட்டு ஒட்டுவார்கள். தகடு மாறும் இடத்தில் ஒரு குதிரையின் வால் இந்தத் தாளிலும் உடல் அடுத்த தாளிலும் இருக்கும். நல்ல கலைஞர் அந்த ஒட்டு விழும் இடத்தை முன்பே யோசித்து, கூட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்.

ஒட்டியதைச் சுவரில் பட்டையாக ஒட்டலாம், சுருட்டி வைத்து விரித்து விரித்துப் பார்க்கலாம், ஒட்டாமல் புத்தகமாகத் தைக்கலாம். சுவரில் ஒட்டியவை பெரும்பாலும் அழிந்துபோயின. இன்று மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பங்கு, யாரோ புத்தகமாகத் தைத்து அலமாரியில் வைத்தவை.

வரைந்தவர் நேரில் பார்த்து வரைந்தாரா? நம்பலாமா?

எதற்கு நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெயர், பதவி, வரிசை, கையில் ஏந்திய பொருள் இவற்றில் பெரும்பாலும் நம்பலாம். அவற்றில் தவறினால் கௌரவம் போய்விடும் என்று கவலைப்பட ஆட்கள் இருந்தார்கள். தெருவின் தோற்றம், கூட்டத்தின் அளவு, வானிலை இவற்றுக்கு நம்பாதீர்கள். எழுதப்பட்ட விவரங்களை வைத்துப் பட்டறையில் உட்கார்ந்தே ஒரு பவனியை உருவாக்க முடியும்.

பொலோனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனையிலிருந்து பேராலயத்துக்கு உயரத்தில் ஒரு மரப்பாலம் கட்டியிருந்தார்கள். சார்லஸ் கடந்து போனதும் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஹோகன்பெர்க்கின் வரிசை முடிசூடிய பிறகு நடந்த பவனியிலிருந்து தொடங்குகிறது, பாலம் படத்துக்குள்ளேயே வரவில்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சார்லஸின் தாத்தா மாக்சிமிலியனுக்காக 130-க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளில் ஒரு வெற்றிப் பவனி செதுக்கினார்கள், 50 மீட்டருக்கு மேல் நீளம். அவர் 1519-இல் இறந்த பிறகு 1526-இல்தான் அச்சாகி வந்தது. அப்படி ஒரு பவனி எந்தத் தெருவிலும் நடக்கவே இல்லை. தாளில் மட்டுமே நடந்த பவனி அது.

ஐந்தாம் சார்லஸின் இறுதி ஊர்வலப் படத்தில் சவப்பெட்டியைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லையே?

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். சார்லஸ் 1558 செப்டம்பர் 21 அன்று ஸ்பெயினில் யூஸ்தே மடத்தில் இறந்தார், அங்கேயே அடக்கம் செய்தார்கள். மகன் இரண்டாம் பிலிப் அப்போது பிரஸ்ஸல்ஸில் இருந்தார். அங்கே டிசம்பர் 29 அன்று அரண்மனையிலிருந்து புனித குதுலா கோயிலுக்கு ஊர்வலம் நடந்தது. உடல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் மண்ணுக்குள் இருக்க, இங்கே ஊர்வலம்.

உடல் இல்லாத இடத்தை அவர்கள் ஒரு கப்பலால் நிரப்பினார்கள். கறுப்பு உடை அணிந்தவர்களுக்கு நடுவே, கடல் விலங்குகள் இழுப்பதுபோல் அலங்கரித்த பெரிய கப்பல். அதில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்று பண்புகளும் மனித உருவில். சார்லஸின் சின்னமான இரண்டு தூண்களும் கூடவே. அதற்குப் பின் அவர் ஆண்ட ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கொடி, ஒரு குதிரை. பிறகு பிலிப், துக்க முக்காட்டோடு. முன்பு சொன்னேனே, முகத்தைத் தேட வேண்டாம் என்று. இங்கே தேடினாலும் கிடைப்பது கஷ்டம். பலர் முக்காடு போட்டிருக்கிறார்கள், இடம்தான் ஆளைச் சொல்கிறது.

ஹிரோனிமஸ் கோக் வடிவமைக்க, டூட்டெக்கம் சகோதரர்கள் ஜோஹான்னஸும் லூக்காஸும் தகட்டில் பொறிக்க, 1559-இல் ஆண்ட்வெர்ப்பில் கிறிஸ்டோஃப் பிளாண்டின் அச்சகத்தில் அச்சானது. முப்பதுக்கு மேற்பட்ட தகடுகள், பல மொழிகளில் பதிப்புகள். சில பிரதிகளுக்குக் கையால் வண்ணமும் தங்கமும் பூசியிருக்கிறார்கள்.

அச்சில் இடமும் வலமும் மாறிவிடுமே, அப்படியானால் எல்லாப் படமும் தலைமாற்றமா?

தகட்டில் வலது, தாளில் இடது. இது எந்த அச்சுக்காரருக்கும் தெரிந்த விஷயம், அதனால் முன்கூட்டியே திருப்பி வரைந்துவிடுவார்கள். பவனியில் இது உயிர்ப்பிரச்சினை. வலப்பக்கம் நிற்பது பெருமை, மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

ஆனால் ஒருவர் அச்சிட்ட படத்தை இன்னொருவர் பார்த்து நேராகத் தகட்டில் கீறினால், வரும் நகல் திரும்பியிருக்கும். நகல் விற்பனை அன்று தாராளமாக நடந்தது. கண்டுபிடிக்க எளிய வழி: ஆசீர்வதிக்கும் கை வலது கையா? வாள் இடுப்பின் இடப்பக்கம் தொங்குகிறதா? கூட்டத்தில் பாதிப் பேர் இடக்கைக்காரர்களாகத் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது நகல்.

ரோமில் எடுத்த படங்கள் ஏன் இத்தனை வித்தியாசமாக, வரைபடம் மாதிரி இருக்கின்றன?

1575 யூபிலி ஆண்டுப் படத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தோனியோ லாஃப்ரேரி வெளியிட்டது, வரைந்தவர் எத்தியென் துப்பேராக் என்பது பொதுவான கருத்து. புனித பேதுரு, புனித பவுல், புனித செபஸ்தியார், லாத்தரன், திருச்சிலுவை, புனித லாரன்ஸ், புனித மரியா என்று ரோமின் ஏழு பேராலயங்கள். அவற்றுக்கு இடையே நகரம் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. திருப்பயணிகள் மட்டும் எறும்புச் சாரிபோல் ஒரு கோயிலிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கோயிலின் முன்னும் அதன் புனிதர் கட்டடத்துக்குச் சமமான உயரத்தில் நிற்கிறார்.

இதில் கோமகனும் இல்லை, கட்டியக்காரரும் இல்லை. பொலோனியா, வெனிஸ் படங்களில் பவனியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இங்கே தாங்களே பவனியாக நடக்கிறார்கள். இந்த ஏழு கோயில் நடையை அந்த நூற்றாண்டில் மறுபடி பிரபலமாக்கியவர் பிலிப்பு நேரி. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது இப்படி ஒரு தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். வேளாங்கண்ணி போனவர் படம் வாங்காமல் திரும்புவாரா, அதுபோல.

இத்தனை ஆடம்பரத்தைப் புரட்டஸ்தாந்தர்கள் சும்மா விட்டார்களா?

விடவில்லை, அவர்களும் அச்சிலேயே பதில் சொன்னார்கள். 1521-இல் லூக்காஸ் கிரானாக் ஜோடி ஜோடியாக 26 உட்கட் படங்கள் வெளியிட்டார். ஒரு பக்கம் கிறிஸ்து, எதிர்ப்பக்கம் திருத்தந்தை. இங்கே கிறிஸ்து கழுதையில் வருகிறார், எதிரே திருத்தந்தை குதிரையில் பரிவாரத்தோடு. ஒரு வார்த்தை வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். கத்தோலிக்கர்கள் மனம் புண்படும் படம்தான், ஆனால் பவனி என்ற வடிவத்துக்கு அன்று எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு எதிரியின் சாட்சி அது.

பொலோனியா விழா முடிந்து நாலே மாதத்தில், 1530 ஜூன் 16 அன்று, ஆக்ஸ்பர்க்கில் நற்கருணைப் பவனி. புரட்டஸ்தாந்து இளவரசர்களும் நடக்க வேண்டும் என்று சார்லஸ் கேட்டார், அவர்கள் மறுத்தார்கள். ஒரு தெருவில் நடப்பதும் நடக்காததுமே விசுவாச அறிக்கை ஆகிவிட்டது. நற்கருணைத் திருவிழா 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் ஏற்படுத்தியது. 1551-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் நற்கருணையைத் தெருவில் பவனியாகக் கொண்டு செல்வதை வெளிப்படையாக ஆதரித்து, அது பொய்யின் மேல் உண்மை கொள்ளும் வெற்றி என்றே சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், ஹோகன்பெர்க்கின் பொலோனியாத் தகடுகளைப் பின்னாளில் மறுபடி அச்சிட்டு விற்றவர் ஹெண்ட்ரிக் ஹொண்டியஸ். அவர் கடை ஹேக் நகரில், புரட்டஸ்தாந்து ஆட்சி நடந்த ஊரில். விசுவாசம் வேறாக இருந்தாலும் படத்தை வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள்.

கத்தோலிக்கப் பவனி என்றாலே போப்புக்குக் கீழ்ப்படிகிறோம் என்றுதானே அர்த்தம்?

1606 வெனிஸைப் பாருங்கள். குருக்களை யார் விசாரிப்பது என்ற தகராறில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெனிஸ் குடியரசு முழுவதற்கும் தடை விதித்தார். திருப்பலி வைக்கக்கூடாது, திருவிழா கூடாது. வெனிஸ் என்ன செய்தது? அந்த வருட நற்கருணைப் பவனியை முன்னைவிடப் பெரிதாக நடத்தியது. ஆட்சியின் உரிமையை எடுத்துச் சொல்லும் காட்சிகளையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். தடை 1607-இல் நீங்கியது.

1610-இல் ஜியாகோமோ ஃபிராங்கோ தம் வெனிஸ் உடைகள் புத்தகத்தில் இதே நற்கருணைப் பவனியைச் செப்புத் தகட்டில் பொறித்துச் சேர்த்தார். பார்ப்பதற்கு அமைதியான, பக்தியான படம். நாலு வருடம் முன்பு அதே பவனி ரோமுக்கு எதிரான சவாலாக நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சதுக்கம் வேறு மாதிரித் தெரியும். விதானம் யார் பக்கம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். வெனிஸ்காரர்கள் தாங்கள் நல்ல கத்தோலிக்கர்கள் என்பதில் கடைசிவரை உறுதியாகத்தான் இருந்தார்கள்.

இந்தக் கலைஞர்களுக்கும் இந்தியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு குடும்பம் உண்டு. சார்லஸின் சாவு ஊர்வலத்தைப் பொறித்த டூட்டெக்கம் குடும்பம்தான், 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான லின்ஸ்கோட்டனின் பயண நூலுக்கும் படம் பொறித்தது. லின்ஸ்கோட்டன் கோவாவில் பேராயரிடம் எழுத்தராக இருந்த டச்சுக்காரர். கோவா சந்தை, பல்லக்கில் போகும் போர்த்துக்கீசியர், பக்கத்தில் குடை பிடித்து நடக்கும் ஆட்கள் எல்லாம் அந்தப் படங்களில் வருகின்றன. பிரஸ்ஸல்ஸ் ஊர்வலத்தையும் கோவா பல்லக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் நகரும் அந்தக் கூட்டத்தில் அதே பட்டறையின் கை தெரியும்.

எங்கே பார்க்கலாம்? எப்படிப் பார்த்தால் நல்லது?

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஆகிய மூன்றின் இணையதளங்களிலும் அச்சுப்படத் தொகுப்புகள் இருக்கின்றன. ரைக்ஸ்மியூசியத்தில் பெரிய கோப்பாகவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயரை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேட வேண்டியிருக்கும். கைபேசியில் பார்க்காதீர்கள், திரை போதாது.

முதல் முறை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள், வேகமாக. இரண்டாம் முறை விதானத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து முன்னால் பத்து ஆள், பின்னால் பத்து ஆள் எண்ணி, ஒவ்வொருவர் கையிலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பென்சிலும் தாளும் வேண்டும், கண்ணால் மட்டும் பார்த்தால் நழுவிவிடும். மூன்றாம் முறை கால்களை மட்டும் பாருங்கள். குதிரையில் போகிறவர், நடக்கிறவர், நல்ல காலணி போட்டவர், விதானத்தின் கம்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர். விதானத்தைத் தூக்குகிறவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள், அந்தக் கம்பைப் பிடிக்கும் உரிமைக்குப் போட்டி போட்டவர்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால், அந்தக் கம்பைச் சுற்றி மடங்கியிருக்கும் விரல்கள் நான்கைந்து சின்னக் கோடுகளாகத் தெரியும்.